பேசியதை மட்டும்

கொம்தாரில் லிப்ட் நிற்கிற மாடி எல்லாம் எனக்கு ஆபீஸ்தான்.
நாளொன்றுக்கு நான்கு இறந்தவர்கள்.
மலாயில் கேட்பதைத் தமிழில் சொல்வேன்.
தமிழில் திட்டுவதைக்
கொஞ்சம் அலசி மலாயில் சொல்வேன்.
அலசக் கூடாது என்பது விதி.

இன்றைக்கு மூன்றாவது கோப்பு
ஏகாம்பரம், த/பெ சின்னையா.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
உயில் இல்லை. மனைவி முந்திப் போய்விட்டார்.
ஆயர் ஈத்தாமில் மூன்று அறை வீடு,
கடன் அடைந்து பதினொரு மாதம்.
ஓடாத வேன் ஒன்று.
பேங்கில் நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளி.

மூத்தவர் நாகேந்திரன்
பத்து லன்சாங் சுடலைச் செலவு வரைக்கும்
ரசீதுகளைக் கிளிப்பில் கோத்து வந்திருக்கிறார்.
தனபாலன் அண்ணனைப் பார்க்காமல்
என்னிடம் சொல்கிறார்:
“அப்பா படுத்த ரெண்டு வருஷம்
பேம்பர்ஸ் மாத்துனது யாருன்னு கேளுங்க.”
இரண்டாவது மகன் பராமரித்ததாகச் சொல்கிறார், புவான்.
பேம்பர்ஸ் கோப்பில் ஏறவில்லை.

புஷ்பலீலா சொன்னது ஒன்றுதான்.
“எனக்கு எதுவும் வேணாம்.”
அதற்கென்று தனியாக ஒரு பாரம் இருக்கிறது.
தெரியும்.
நானும் ஒருநாள் நிரப்பியிருக்கிறேன்,
அண்ணன் காரில், பின்சீட்டில், அண்ணன் பேனாவால்.
அன்றைக்கு எனக்கு
மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

புவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
வேறு வாரிஸ் உண்டா?
இந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கூலி தண்டம்.
அவர்களுக்கு வாரிஸ், நமக்கு வாரிசு,
நடுவில் ஓர் உகரம்தான்.
இருந்தாலும் கேட்டேன்.

மூன்று பேரும் ஒன்றாக மேசையைப் பார்த்தார்கள்.
வந்ததிலிருந்து அவர்கள்
ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.
“இல்ல” என்றார் நாகேந்திரன்.
தியாடா, என்றேன்.

கோப்பைப் புரட்டிய புவான்
மரணச் சான்றிதழுக்குப் பின்னால்
செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கண்டு
என் பக்கம் திருப்பினார்.
பதினாறாம் நாள் கருமக்கிரியை அறிவிப்பு.
கட்டத்துக்குள் படம். கீழே, பிரிவால் வாடும்
நாகேந்திரன், கூலிம்.
புஷ்பலீலா, செபராங் ஜெயா.
தனபாலன், ஆயர் ஈத்தாம்.
அடுத்த வரியில், இடம் போதாமல் பொடி எழுத்தில்,
சுகுமாறன், தஞ்சோங் ரம்புத்தான்.

அந்த ஊருக்கு யாரும் வேலை மாற்றலாகிப் போவதில்லை.
பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை அழவைக்க
எங்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது.

துண்டைக் கோப்போடு பிடித்திருந்தது
கிளிப் இல்லை, ஊக்கு.
சேலைக்குக் குத்துகிற சின்ன ஊக்கு.
புஷ்பலீலா சன்னலுக்கு வெளியே
கடலில் ஏதோ கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தோளில் மடிப்பு குலைந்திருந்தது.

வாயால் பேசியதை மட்டும் பெயர்ப்பேன் என்றுதான்
நான் சத்தியம் செய்திருக்கிறேன்.
காகிதத்துக்கு வாய் கிடையாது.
நாகேந்திரன் என்னைப் பார்த்தார்,
நம்ம ஆளுதானே நீங்க, என்கிற பார்வை.
காரின் முன்கண்ணாடியில்
அதே பார்வையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
அப்போதும் ஏசி இப்படித்தான் குளிர்ந்தது.

என்ன எழுதியிருக்கிறது? என்றார் புவான்.

பெயர்கள், என்றேன்.
பெயரை மொழிபெயர்க்க முடியாது,
வாசிக்கத்தான் முடியும்.
வாசித்தேன்.
மூன்றாவதற்குப் பிறகு
கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

நான்காவதை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
எஸ். யூ. கே. யூ.
பேனா நின்றது. வயது? என்று மலாயில் கேட்டார்.

“அம்பத்திரண்டு முடிஞ்சிருச்சு” என்றார் தனபாலன்,
நான் தமிழில் கேட்பதற்கு முன்பே.